அளவும் பதமும்: வீட்டில் சமைக்கும் பிறந்தநாள் விருந்து

நுழையும்முன்

பிறந்தநாள் விருந்தை இன்று கடையிலிருந்தே வரவழைத்துவிடலாம். கைப்பேசியில் விரல் பட்டதும் கேக்கும் உணவும் வாசலுக்கு வந்து சேர்கின்றன. ஆயினும் பல இல்லங்களில் அந்த ஒரு நாளில் அடுப்பு வழக்கத்தைவிட முன்னதாகவே ஏற்றப்படுகிறது; வீட்டிலுள்ள அனைவரும் சமையலறையில் கூடுகின்றனர். தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் அவ்விருந்து எவ்வாறு உருவாகிறது என்பதையும், அதனுள் எத்தகைய அறிவு அடங்கியிருக்கிறது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

ஆகுர்டியில் ஒரு தமிழ் அடுக்களை

மகாராட்டிர மாநிலத்தில், புனே நகருக்கு வடமேற்கே, பிம்பிரி-சிஞ்ச்வாட் மாநகராட்சிக்குள் அமைந்த பகுதி ஆகுர்டி. புனேயிலிருந்து லோனாவாலா செல்லும் புறநகர்த் தொடர்வண்டிப் பாதையில், சிஞ்ச்வாட் நிலையத்திற்கும் தேஹு ரோடு நிலையத்திற்கும் இடையே ஆகுர்டி நிலையம் இருக்கிறது. 1960களில் தொடங்கி இவ்வட்டாரம் பெருந்தொழில் நகரமாக வளர்ந்தது. பஜாஜ் ஆட்டோ நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான் உள்ளது. இந்தியச் சாலைகளில் ஓடிய எண்ணற்ற ஸ்கூட்டர்கள் ஆகுர்டித் தொழிற்சாலையில் உருவானவை. தொழிற்சாலைகளைத் தேடியும், பின்னாளில் கணினி நிறுவனங்களைத் தேடியும் பல மாநிலத்தவர் இங்குக் குடியேறினர். அவர்களுள் தமிழரும் உள்ளனர்.

இங்குள்ள தமிழ் வீட்டின் அடுக்களையில் இரண்டு மொழிகள் ஒன்றாகப் புழங்குகின்றன. கடைக்குச் செல்லும் குழந்தை உளுந்தை ‘உடீத்’ என்றும், வெல்லத்தைக் ‘கூள்’ என்றும், தேங்காயை ‘நாரள்’ என்றும், கறிவேப்பிலையைக் ‘கடிபத்தா’ என்றும் கேட்டு வாங்குகிறது. அதே பொருள்கள் வீட்டு வாசலைத் தாண்டியதும் தமிழ்ப் பெயர்களைப் பெறுகின்றன. பொருள் ஒன்று, பெயர் இரண்டு. எனினும் சமையலில் பொருள்களின் பெயர்களைவிட அரிதாகக் கற்க வேண்டிய சொற்கள் சில உள்ளன. அவை எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அடுப்பருகில் மட்டுமே கிடைக்கின்றன. அச்சொற்களுள் தலையாயது ‘பதம்’ என்பது.

இரண்டு வழக்கங்கள், ஒரே இலை

தமிழர் இல்லங்களில் பிறந்தநாளைக் கொண்டாடும் முறை குடும்பத்திற்குக் குடும்பம் வேறுபடும். சிலர் ஆங்கில நாட்காட்டியின் தேதியைக் கொள்வர். சிலர் தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாளைக் கொள்வர். எண்ணெய் தேய்த்துக் குளித்தல், புத்தாடை அணிதல், பெரியோரை வணங்கி வாழ்த்துப் பெறுதல், கோயிலுக்கோ தேவாலயத்திற்கோ பள்ளிவாசலுக்கோ சென்று வருதல் ஆகியவை பரவலாகக் காணப்படும் வழக்கங்கள். உணவில் பாயசத்திற்கு முதன்மையான இடம் உண்டு.

மராத்தியர் இல்லங்களில் பிறந்தநாளன்று ‘ஔட்சண்’ என்னும் சடங்கு நடைபெறும். தாயோ மூத்த பெண்களோ குழந்தையை மணையில் அமர்த்தி, நெற்றியில் குங்குமம் இட்டு, அரிசி தூவி, விளக்கேற்றிய தட்டைச் சுற்றி வாழ்த்துவர். தமிழரின் ஆரத்தியோடு இதற்கு நெருங்கிய ஒற்றுமை உண்டு. கேக்கின்மீது மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கமோ ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஜெர்மனியில் 1746ஆம் ஆண்டு சின்சென்டார்ஃப் என்னும் பிரபுவின் பிறந்தநாளில், கேக்கில் அவருடைய வயதிற்கேற்ற எண்ணிக்கையில் மெழுகுவர்த்திகள் வைக்கப்பட்டதாக அக்காலக் குறிப்பு ஒன்று கூறுகிறது.

ஆகுர்டியில் வளரும் தமிழ்க் குழந்தையின் பிறந்தநாளில் இவை யாவும் ஒன்றுசேர்கின்றன. வீட்டில் பாயசமும் உளுந்து வடையும் கேக்கும் ஆயத்தமாகின்றன. குழந்தைகள் ‘காகு’ என அழைக்கும் அடுத்த வீட்டு அத்தை, சூடான புரண்போளியை மூடிய தட்டில் கொண்டுவந்து கொடுக்கிறார். கடலைப்பருப்பையும் வெல்லத்தையும் வேகவைத்து அரைத்த பூரணத்தை உள்ளே வைத்துத் தட்டிச் சுடுவது புரண்போளி. தமிழ்நாட்டில் அதன் உடன்பிறப்பு ‘போளி’ என்ற பெயரிலேயே வழங்குகிறது.

திட்டமிடுதல்

விருந்துச் சமையல் முதல் நாளே தொடங்கிவிடுகிறது. எத்தனை பேர் உண்பர், எந்த உணவுக்கு எவ்வளவு நேரம் ஆகும், எதை முதலில் முடிக்க வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே எழுதிக்கொள்வது நலம். இரவு எட்டு மணிக்கு உண்ண வேண்டுமெனில், வேலைகளை இவ்வாறு வரிசைப்படுத்தலாம்:

மாலை 3 மணி: கேக் மாவைக் கலந்து அடுப்பில் வைத்தல். கேக் முழுவதும் ஆறிய பின்னரே அதை வெட்டவோ அழகுபடுத்தவோ இயலும். ஆதலின் இதுவே முதல் வேலை.

மாலை 4 மணி: உளுந்தை நீரில் ஊறவைத்தல், தேங்காய் துருவிப் பாலெடுத்தல்.

மாலை 5 மணி: பருப்பை வறுத்து வேகவைத்துப் பாயசம் ஆக்குதல்.

மாலை 6 மணி: உளுந்தை அரைத்தல், சோறு, சாம்பார், பொரியல் ஆகியவற்றை ஆக்குதல்.

இரவு 7.30 மணி: வடை சுடுதல். வடை சூடாக இருக்கும்போதே சுவைக்கும். ஆதலின் இது கடைசி வேலை.

வேலைப் பங்கீடும் இன்றியமையாதது. சிறுவர் மாவு சலிக்கலாம், முந்திரியை உடைக்கலாம், ஏலக்காயை உரித்துப் பொடிக்கலாம், அளந்து கொடுக்கலாம், நேரத்தைக் கவனித்துச் சொல்லலாம். கொதிக்கும் எண்ணெய், நீராவி, சூடான பாத்திரம் ஆகியவற்றைப் பெரியவர்களே கையாள வேண்டும். அடுப்பருகில் தொங்கும் ஆடையும் அவிழ்ந்த கூந்தலும் ஆகா. ஆண், பெண் என்ற வேறுபாடு அடுக்களைக்கு இல்லை. வெங்காயம் நறுக்கும் அப்பாவும், தேங்காய் உடைக்கும் தாத்தாவும், பாத்திரம் துலக்கும் அண்ணனும் விருந்தின் பங்காளிகளே.

பாயசம்: பதம் கற்பிக்கும் உணவு

பாசிப்பருப்புப் பாயசத்திற்கு வேண்டிய பொருள்கள் சிலவே. அரைக் கோப்பை பாசிப்பருப்பு, முக்கால் கோப்பை பொடித்த வெல்லம், ஒரு தேங்காயின் பால், இரண்டு கரண்டி நெய், சிறிது முந்திரி, உலர்திராட்சை, ஏலக்காய்ப்பொடி ஆகியவை போதும். பருப்பை நெய்யில் வறுத்து, நீர் விட்டுக் குழைய வேகவைக்க வேண்டும். வெல்லத்தைத் தனியே நீரில் கரைத்து, மண்ணும் தூசும் நீங்க வடிகட்டிப் பருப்போடு சேர்க்க வேண்டும். தேங்காயை அரைத்து முதலில் பிழியும் கெட்டியான பாலுக்குத் ‘தலைப்பால்’ என்று பெயர். அதே சக்கையில் நீர் விட்டு மீண்டும் பிழிவது ‘இரண்டாம் பால்’. பருப்பும் வெல்லமும் இரண்டாம் பாலில் கொதிக்க வேண்டும். தலைப்பாலை இறுதியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். மிகுதியாகக் கொதித்தால் தேங்காய்ப்பால் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும்.

பசும்பால் சேர்க்கும் வீடுகளிலும் இத்தகைய எச்சரிக்கை உண்டு. வெல்லத்தில் சிறிது அமிலத்தன்மையும் உப்புகளும் இருப்பதால், கொதிக்கும் வெல்லக் கரைசலில் பாலை ஊற்றினால் அது திரிந்துபோகக்கூடும். ஆகவே, பாயசத்தைச் சற்றே ஆறவிட்டு, காய்ச்சிய பாலை அதன்பின் சேர்ப்பர்.

இக்குறிப்பில் ஒரு கேள்விக்கு விடை இல்லை. பருப்பை எவ்வளவு நேரம் வறுப்பது? ஊரிலுள்ள பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டால், “வாசம் வந்ததும் இறக்கு; சிவக்க விட்டுவிடாதே” என்பார். மூன்று நிமிடம் என்றோ ஐந்து நிமிடம் என்றோ அவர் சொல்வதில்லை. அடுப்பின் தழலும், வாணலியின் கனமும், பருப்பின் ஈரமும் வீட்டிற்கு வீடு வேறுபடும் என்பதை அவர் அறிவார். எனவே அவர் கடிகாரத்தைக் காட்டாமல் மூக்கையும் கண்ணையும் காட்டுகிறார். பொருள் தான் அடைய வேண்டிய நிலையை அடைந்துவிட்டது என்பதைப் புலன்களால் அறிவதே ‘பதம்’ பார்த்தல்.

தமிழ்ச் சமையல் முழுவதும் இத்தகைய சொற்கள் நிறைந்துள்ளன. வெல்லப்பாகை இரு விரல்களுக்கிடையே தொட்டு இழுக்கும்போது நூல்போல நீண்டால் அது ‘கம்பிப்பதம்’. நீரில் விட்ட பாகு கரையாமல் உருட்ட வந்தால் அது ‘உருட்டுப்பதம்’. சோற்றை ‘ஒரு சோறு பதம்’ பார்த்து வடிப்பர். கடுகு ‘வெடிக்க’ வேண்டும். வெங்காயம் ‘கண்ணாடிபோல’ வதங்க வேண்டும். மசாலாவின் ‘பச்சை வாசனை போக’ வேண்டும். இவை ஒவ்வொன்றும் அளவுகோல்களே. கண்ணும் காதும் மூக்கும் விரலும் அவற்றைப் படிக்கின்றன.

ஊர் மாறினாலும் மாறாத அளவுகோல்

பதத்தின் அருமை ஊர்விட்டு ஊர் வந்தவர்க்கே நன்கு விளங்கும். சென்னையில் கோடைக்காலத்தில் மாலையில் அரைத்த இட்லி மாவு, விடிவதற்குள் பொங்கிவிடும். ஆகுர்டியின் மார்கழிக் குளிரில் அதே மாவு அவ்வாறு புளிப்பதில்லை. மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் குளிரில் மெதுவாகவே பெருகுகின்றன. மணிக்கணக்கை நம்பியவர்க்கு இட்லி கல்லாகும். மாவு பொங்கி நுரைத்திருக்கிறதா என்று பதம் பார்ப்பவர்க்கு அவ்வாறு நேராது. அவர் இன்னும் சில மணி நேரம் காத்திருப்பார். அல்லது பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்தி வைப்பார்.

புனே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைய நீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும். கடற்கரையில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், இங்கு ஏறத்தாழ 98 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகச் சற்று மிகுதியான நேரம் பிடிக்கலாம். வெல்லத்திலும் வேறுபாடு உண்டு. மகாராட்டிரத்தின் கோலாப்பூர் வெல்லம் புவிசார் குறியீடு பெற்ற புகழ்மிக்க பொருள், பொன்னிறம் கொண்டது. தமிழ்நாட்டு மண்டை வெல்லத்தில் கருஞ்சிவப்பாகத் தோன்றும் பாயசம், இவ்வெல்லத்தில் வெளிர்நிறமாகத் தோன்றும். நிறத்தைக் கண்டு வெல்லம் போதவில்லை என எண்ணி மேலும் சேர்த்தால் இனிப்பு மிகுந்துவிடும். நாவில் ஒரு துளி விட்டுப் பார்ப்பதே வழி. நீரும் காற்றும் வெல்லமும் மாறிய இடத்திலும் பாட்டியின் பாயசம் அதே சுவையோடு அமைவது பதம் என்னும் அளவுகோலால்தான்.

வடையும் ஒரு துளி மாவும்

உளுந்து வடை எளிய உணவுபோலத் தோன்றினாலும் பதம் தவறினால் பிழைத்துவிடும். இரண்டு மணி நேரம் ஊறிய உளுந்தை நீரை வடித்துவிட்டு, குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து அரைக்க வேண்டும். அரைக்கும்போது மாவினுள் காற்று புகுந்து நுண்ணிய குமிழ்களாகத் தங்குகிறது. அக்குமிழ்களே வடையை மென்மையாக்குகின்றன. ஒரு துளி மாவை நீருள்ள கிண்ணத்தில் இட்டால், பதமான மாவு மிதக்கும். காற்று போதாத மாவு அமிழும். உப்பை முன்னரே சேர்த்தால் மாவு நீர்த்துவிடும். ஆதலின் சுடுவதற்குச் சற்றுமுன் சேர்ப்பர். இஞ்சி, பச்சை மிளகாய், மிளகு, கறிவேப்பிலை ஆகியவற்றைக் கலந்து, ஈரக் கையில் தட்டி, நடுவில் துளையிட்டு எண்ணெயில் இடுவர். துளை இருப்பதால் நடுப்பகுதியும் சீராக வேகிறது. மாவு மிதக்கிறதா என்று பார்க்கும் வேலையைச் சிறுவர்க்குத் தரலாம். எண்ணெயில் இடும் வேலை பெரியவர்க்குரியது.

கேக்: அளவு கற்பிக்கும் உணவு

பாயசத்தைப் பாதியில் சுவைத்துத் திருத்தலாம். வெல்லம் குறைந்தால் சேர்க்கலாம். கெட்டியானால் பால் ஊற்றலாம். கேக்கிற்கு அந்த வாய்ப்பு இல்லை. அடுப்பில் வைத்து மூடியபின் அதனைத் திருத்த இயலாது. ஆகவே அனைத்தையும் முன்கூட்டியே அளந்து சேர்க்க வேண்டும்.

முட்டையில்லாத எளிய கேக்கிற்கு ஒன்றரைக் கோப்பை மைதா, முக்கால் கோப்பை சர்க்கரை, ஒரு கோப்பை புளிக்காத கெட்டித் தயிர், அரைக் கோப்பை மணமற்ற எண்ணெய், ஒன்றேகால் சிறுகரண்டி பேக்கிங் பவுடர், அரைச் சிறுகரண்டி சமையல் சோடா, ஒரு சிறுகரண்டி வனிலாச் சாறு ஆகியவை வேண்டும். தயிரையும் சர்க்கரையையும் கரையும்வரை அடித்து, சோடாவையும் பேக்கிங் பவுடரையும் சேர்த்துச் சில நிமிடம் வைத்தால் கலவை நுரைத்து எழும். பின் எண்ணெயையும் வனிலாச் சாற்றையும் ஊற்றி, சலித்த மைதாவைப் பகுதி பகுதியாகச் சேர்த்து மெதுவாகக் கலக்க வேண்டும்.

தயிரில் லாக்டிக் அமிலம் உள்ளது. சமையல் சோடாவின் வேதிப்பெயர் சோடியம் பைகார்பனேட். இவ்விரண்டும் சேரும்போது கரியமில வாயு தோன்றிக் குமிழ்களாக எழுகிறது. வெப்பத்தில் அக்குமிழ்கள் விரிந்து மாவை மேலே தூக்குகின்றன. சிறிது நேரத்தில் மாவிலுள்ள புரதமும் மாப்பொருளும் இறுகி, குமிழ்கள் இருந்த இடங்களைச் சுற்றிச் சுவர்போல நின்றுவிடுகின்றன. கேக்கைப் பிட்டால் காணும் சிறு துளைகள் இவ்வாறு உண்டானவையே. சோடா குறைந்தால் கேக் எழாது, மிகுந்தால் கசக்கும். மாவை நெடுநேரம் அடித்துக் கலந்தால் மைதாவின் புரதம் இழைபோலப் பிணைந்து கேக் கடினமாகும். வேகும்போது இடையில் மூடியைத் திறந்தால் வெப்பம் குறைந்து, இறுகாத நடுப்பகுதி அமிழ்ந்துவிடும்.

மின்னடுப்பு உள்ளவர்கள் 180 பாகை செல்சியசில் 35 முதல் 40 நிமிடம் வரை வேகவைப்பர். மின்னடுப்பு இல்லாத இந்திய வீடுகள் வேறொரு வழியைக் கண்டன. கனமான அடிப்பகுதி கொண்ட பெரிய பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, மூடியிட்டுப் பத்து நிமிடம் சூடாக்குவர். பின்னர் மாவு ஊற்றிய பாத்திரத்தை வளையத்தின்மேல் வைத்து மூடி, சிறுதழலில் ஏறத்தாழ 45 நிமிடம் வேகவிடுவர். உப்பு வெப்பத்தைச் சீராகப் பரப்புகிறது. சிலர் இதற்கு அழுத்தக் குக்கரைப் பயன்படுத்துவர். அப்போது விசிலையும் ரப்பர் வளையத்தையும் கட்டாயம் அகற்றிவிட வேண்டும். நீரின்றிச் சூடாக்குவது குக்கரைப் பழுதாக்கக்கூடும் என்பதால் பழைய கனமான பாத்திரமே ஏற்றது.

அளந்து செய்யும் கேக்கும் இறுதியில் பதத்தையே கேட்கிறது. குறித்த நேரம் முடிந்ததும் மெல்லிய குச்சி ஒன்றை நடுவில் செருகிப் பார்ப்பர். மாவு ஒட்டாமல் குச்சி வெளிவந்தால் கேக் வெந்தது என்று பொருள்.

ஒருவருக்காக ஒரு கண்டுபிடிப்பு

கேக் மாவை எழச் செய்யும் பேக்கிங் பவுடரின் பின்னே ஒரு வீட்டின் கதை இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்ஃபிரட் பேர்ட் என்னும் மருந்து வணிகர் வாழ்ந்தார். அவருடைய மனைவிக்கு முட்டையும், ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மனைவியும் உண்ண வேண்டும் என்பதற்காக அவர் 1837இல் முட்டையில்லாத கஸ்டர்டு பொடியையும், 1843இல் ஈஸ்ட் இல்லாமலே மாவை எழச் செய்யும் பொடியையும் உருவாக்கினார்.

இந்தியாவில் கேக்கின் வரலாறு கேரளத்தின் தலச்சேரியோடு இணைத்துப் பேசப்படுகிறது. மர்டாக் பிரவுன் என்னும் தோட்ட முதலாளி, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி அதுபோல் ஒன்று செய்து தரும்படி கேட்க, மாம்பள்ளி பாப்பு என்பவர் உள்ளூர்ப் பொருள்களையும் பயன்படுத்தி 1883இல் கிறித்துமசு கேக் செய்ததாகக் கூறுவர். தமிழ்நாட்டின் தூத்துக்குடியில் முட்டை வெண்கரு, சர்க்கரை, முந்திரி ஆகியவற்றால் செய்யும் மக்ரூன் புகழ்பெற்றது. புனேயில் 1955 முதல் இயங்கும் கயானி பேக்கரியின் ஷ்ரூஸ்பரி பிஸ்கட் இந்நகரின் அடையாளங்களுள் ஒன்று. அயலிலிருந்து வந்த அடுமனைக் கலை, ஒவ்வோர் ஊரிலும் அந்தந்த மண்ணின் பொருளையும் கையையும் ஏற்றுத் தன் வடிவை மாற்றிக்கொண்டது.

நூலும் கையும்

சமையலை நூலாலும் கற்கலாம், கையாலும் கற்கலாம். இவ்விரு வழிகளும் தமிழ் இலக்கியத்தில் இடம்பெற்றுள்ளன. வீமன் இயற்றியதாகக் கருதப்பட்ட சமையல் நூலின் நெறி தவறாமல் ஆக்கிய பலவகை உணவுகளைச் சிறுபாணாற்றுப்படை குறிப்பிடுகிறது. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய 167ஆம் பாடலோ நூலைப் பற்றிப் பேசவில்லை. புதிதாக மணமான பெண் ஒருத்தி, தயிரைக் கையால் பிசைந்து, தாளிப்புப் புகை கண்ணில் படிய, தானே முயன்று குழம்பு ஆக்குகிறாள். கணவன் அதனை இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. வீட்டில் ஒருவருக்காக ஒருவர் சமைப்பதில் உள்ள மகிழ்ச்சியை அப்பாடல் காட்டுகிறது.

மராத்தியையும் தமிழ்நாட்டையும் இணைக்கும் சமையல் நூலும் ஒன்று உண்டு. 1676 முதல் 1855 வரை தஞ்சையை மராட்டிய மன்னர்கள் ஆண்டனர். அவர்களுள் இரண்டாம் சரபோஜி மன்னர் அறிவுத்துறைகளைப் போற்றியவர். அவர் பெயரால் அமைந்த ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்னும் மராத்திச் சமையல் நூல் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது. மகாராட்டிரத்திலிருந்து தமிழ்நாட்டிற்குச் சென்றவர்கள் தம் அரண்மனைச் சமையலைத் தம் மொழியில் எழுதி வைத்தனர். ஆதலால் அது இன்றும் படிக்கக் கிடைக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மகாராட்டிரத்திற்கு வந்த குடும்பங்களின் சமையலறிவோ பெரும்பாலும் எழுதப்படவில்லை. அது பாட்டியின் விரலிலும் அம்மாவின் நாவிலும் மட்டுமே இருக்கிறது.

சமையல் நின்றால் நிற்கும் சொற்கள்

ஒரு சொல் அகராதியில் இருப்பதால் மட்டும் வாழ்ந்துவிடாது. அதனைப் பயன்படுத்தும் வேலை நடக்க வேண்டும். பாகு காய்ச்சாத வீட்டில் ‘கம்பிப்பதம்’ என்னும் சொல்லுக்கு வேலை இல்லை. தேங்காய்ப்பாலைப் பெட்டியில் வாங்கும் வீட்டில் ‘தலைப்பால்’ என்று யாரும் சொல்வதில்லை. வாங்கிய உணவும் வயிற்றை நிரப்பும். விழாவையும் நடத்தித் தரும். வேலை மிகுந்த பெற்றோர்க்கு அது உதவியே. ஆயினும் வாங்கிய உணவோடு அதை ஆக்கும் சொற்கள் வருவதில்லை.

ஆகுர்டியில் வளரும் குழந்தை பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகிறது. விளையாடுமிடத்தில் மராத்தி பேசுகிறது. தமிழில் பேசும் நேரம் வீட்டிற்குள்தான் வாய்க்கிறது. அந்நேரத்திலும் ‘சாப்பிட்டாயா, படித்தாயா’ என்னும் சில தொடர்களே மீண்டும் மீண்டும் வருமாயின் மொழி சுருங்கிவிடும். சமைக்கும்போதோ ‘சலி, கிளறு, துழாவு, வதக்கு, தாளி, பிசை, தட்டு, இறக்கு’ என வினைச்சொற்கள் வரிசையாக வருகின்றன. சொல் காதில் விழும் அதே நொடியில் கை அச்செயலைச் செய்கிறது. இவ்வாறு கற்ற சொல் மறப்பதில்லை.

இதில் பெரியவரும் சிறியவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகலாம். கேக்கின் அளவுகளைப் படித்துச் சொல்லவும், கோப்பையைச் சமமாக நிரப்பவும், நேரத்தைக் குறிக்கவும் குழந்தைக்குத் தெரியும். வறுபட்ட பருப்பின் வாசத்தையும் மாவின் நுரையையும் பாட்டிக்குத் தெரியும். அளவை எழுத்தில் வைக்கலாம். பதத்தை உடனிருந்தே பெற வேண்டும். தமிழில் எழுதக் கற்ற குழந்தை, பாட்டி சொல்லும் பதத்தையும் இயன்றவரை எழுத்தில் கொண்டுவரலாம். ‘ஐந்து நிமிடம் வறுக்கவும்’ என்று மட்டும் எழுதாமல், ‘பருப்பு வாசம் வரும்வரை, நிறம் மாறாமல் வறுக்கவும்’ என்று எழுதினால் அக்குறிப்பு எந்த ஊர் அடுப்பிற்கும் பயன்படும். ஒரு பிறந்தநாளுக்கு ஓர் உணவு என எழுதிவந்தால், பள்ளிப்படிப்பு முடிவதற்குள் குடும்பத்தின் சமையல் நூல் ஒன்று உருவாகிவிடும்.

தெரிந்து தெளிவோம்: பழைய முகத்தலளவை

2 ஆழாக்கு = 1 உழக்கு
2 உழக்கு = 1 உரி
2 உரி = 1 படி

ஆகவே ஒரு படியில் எட்டு ஆழாக்குகள் உள்ளன. இவை தவிர, இரு விரல் நுனியில் எடுப்பது ‘சிட்டிகை’. மூடிய உள்ளங்கையில் அடங்குவது ‘கைப்பிடி’.

சொல்லும் பொருளும்

அடுக்களை – சமையலறை
அடுமனை – ரொட்டி, கேக் முதலியன செய்யும் இடம்
பதம் – பொருள் அடைய வேண்டிய சரியான நிலை
பூரணம் – உள்ளே வைக்கும் இனிப்புக் கலவை
திரிதல் – பால் கெட்டுப் பிரிதல்
தழல் – நெருப்பு
துழாவுதல் – கரண்டியால் அடிவரை கிளறுதல்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. தேங்காயை அரைத்து முதலில் பிழியும் பால் ____________.
2. ஒரு படி என்பது ____________ ஆழாக்கு.
3. தயிரும் சமையல் சோடாவும் சேரும்போது தோன்றும் வாயு ____________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கேக் வேகும்போது மூடியை இடையில் திறக்கக் கூடாது, ஏன்?
2. உளுந்து மாவின் பதத்தை எவ்வாறு அறியலாம்?
3. தலைப்பாலை இறுதியில் சேர்ப்பது ஏன்?

இ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. ஆகுர்டியின் குளிரில் இட்லி மாவு புளிப்பதைக் கொண்டு, அளவிற்கும் பதத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. ஆல்ஃபிரட் பேர்ட்டின் கண்டுபிடிப்பும் குறுந்தொகைப் பாடல் காட்டும் காட்சியும் எவ்வகையில் ஒத்துள்ளன?

ஈ. செயல்திட்டம்
வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடமோ, ஊரில் உள்ள பாட்டி, தாத்தாவிடம் தொலைபேசியிலோ பிறந்தநாள் உணவு ஒன்றின் செய்முறையைக் கேட்டு எழுதுக. அவர் கூறிய பதச்சொற்களை அடிக்கோடிடுக. அவ்வுணவின் பொருள்களுக்கு மராத்தியில் வழங்கும் பெயர்களையும் தமிழ் எழுத்தில் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுக.